வியாழக்கிழமை விலை

உ

பென்னலூர்
8-10-91, செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் நாலரை மணி

சென்னைப் பட்டணத்தில், விலைவாசிப் புள்ளி போடுகிற ஆபீசில், மூன்றாவது மாடியில், மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி பெற்று, தேசத்தின் பருப்பு விலையையும் புளி விலையையும் டைப் அடித்துக் காத்துவரும் என் அக்காள் பாப்பம்மாளின் ஒரே மகள் சௌபாக்கியவதி சசிகலாவுக்கு, உன் தாய்மாமன் பலராமன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும், உன் அத்தை கங்கம்மாளும், ஸ்ரீபெரும்புதூர் பஜாரில் உள்ள நம்ம மளிகைக் கடையும் க்ஷேமம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் பொய் சொல்லிச் சொல்லித்தான் இந்த நிலைமைக்கு வந்திருக்கிறேன் என்பதால், இந்த ஒரு கடிதத்தில் மட்டுமாவது உண்மையை எழுதிவிடுகிறேன். நாங்கள் ஒருத்தரும் க்ஷேமமாக இல்லை. அவ்விடம் உன் க்ஷேமத்துக்கும் இன்னும் இரண்டு நிமிஷத்தில் நான் உத்தரவாதம் இல்லை.

சசி, நின்றுகொண்டு படிக்கிறாயானால் உட்கார்ந்துகொள். இந்த வருஷம் தேசத்துக்கு வந்த கஷ்டங்களை எல்லாம் பேப்பர்காரன் வரிசையாகப் போட்டான். கஜானா காலி என்றான், தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்தார்கள் என்றான், ரூபாயை மூன்று நாளில் இரண்டு தரம் கீழே இறக்கினார்கள் என்றான். எல்லாவற்றையும் போட்டவன் உன் மாமன் பேரை மட்டும் விட்டுவிட்டான். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் உள்ள அத்தனை தொழிலாளி வீட்டு அடுப்பிலும் தண்ணீர் ஊற்றி அணைத்த மகாபாவி நான்தான். எப்படி என்று கேள்.

மே மாசம் எங்கள் ஊர்த் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்தது உனக்குத் தெரியும், அதைப் பற்றி எழுதுகிற தைரியம் எனக்கு இல்லை. அதற்கப்புறம் ஊருக்குப் புது ஆள் எவன் வந்தாலும், அவன் கையில் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்துவிட்டால் போதும், பஜாரே ஊமையாகிவிடும். டீக்கடைக்காரர் தன் சொந்தப் பேரையே இரண்டு தரம் யோசித்துத்தான் சொல்வார். அந்த மாதிரி நேரத்தில், ஜூன் மாசம் இரண்டாவது வியாழக்கிழமை, உச்சி வெயிலில், வெள்ளைச் சட்டையும் பையில் இரண்டு பேனாவும் அக்குளில் நீள நோட்டுமாக ஒருத்தர் நம் கடை வாசலில் வந்து நிற்கிறார். "ஐயா, துவரம் பருப்பு கிலோ என்ன விலை?" என்கிறார். அன்றைக்கு விலை பதினாறு. நான் அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பேனா மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டதும் எனக்கு உள்ளே இருந்த மூட்டைகள் எல்லாம் பதுக்கல் மூட்டைகளாகத் தெரிய ஆரம்பித்தன. கையில் விலங்கோடு செங்கல்பட்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிற மாதிரி ஒரு காட்சி வந்தது. "பதிமூணு சார்" என்றேன். "நயம் பருப்பா?" என்றார். "நயத்துல நயம் சார்." கடலை எண்ணெய் முப்பத்தாறு, நான் முப்பது என்றேன். மிளகாய் முப்பத்திரண்டு, நான் இருபத்திரண்டு என்றேன். ஒரு தரம் இறங்கின நாக்கு, வழியில் எங்கேயும் நிற்காமல் இறங்கிக்கொண்டே போயிற்று. கடைசியில் "உப்பு?" என்றார். "உப்புக்கெல்லாம் காசு வாங்கறதில்ல சார், அது இனாம்" என்றேன். அந்த இடத்தில் மட்டும் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு எழுதிக்கொண்டார்.

அதற்கப்புறம்தான் அவர் தன் பேர் தாவீது என்றும், சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் குடியிருப்பவர் என்றும், உங்கள் ஆபீசுக்காக ஊர் ஊராகப் போய் விலை எழுதுகிறவர் என்றும் சொன்னார். "இனிமே மாசாமாசம் ரெண்டாவது வியாழக்கிழமை வருவேன். அதே கடை, அதே சரக்கு. அப்பதான் போன மாசத்துக்கும் இந்த மாசத்துக்கும் எவ்வளவு ஏறியிருக்குன்னு தெரியும்" என்றார். பிறகு கக்கத்திலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்து, "மாதிரிக்கு ரெண்டு கிலோ பருப்பும் ஒரு கிலோ எண்ணெயும் கட்டுங்க" என்று, நான் சொன்ன விலைக்கே காசைக் கொடுத்தார். அரசாங்கம் என்றால் மாதிரி எடுக்கத்தானே செய்யும்? கல் பொறுக்கிக் கட்டிக் கொடுத்தேன்.

அத்தோடு போயிருந்தால் நான் இன்றைக்கு மனுஷனாக நடமாடிக்கொண்டிருப்பேன். போகவில்லை. ஏனென்றால் அந்த நேரத்தில் எனக்குப் பக்கவாட்டில், புளி மூட்டைக்குப் பின்னால், லூர்தம்மாள் நின்றிருந்தாள். நம்ம பென்னலூர் லூர்தம்மாளை உனக்குத் தெரியுமே, புருஷன் ஒரகடம் ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனியில் வேலை, அவளுக்கு அந்தப் புருஷனை மேய்ப்பது வேலை. "இன்னாண்ண, நேத்து எனக்குப் பதினாறுன்னு போட்ட, இந்தாளுக்குப் பதிமூணா? என் மூஞ்சில இன்னா எழுதிக்கீது?" என்று ஆரம்பித்தாள். "மெதுவாப் பேசு லூர்தம்மா, சார் நிக்கிறாரு" என்றேன். "நிக்கட்டுமே! சார், நீங்களே சொல்லுங்க, இவரு சொன்னது பதிமூணுதானே?" "பதிமூணுதாம்மா, எழுதிட்டேன்" என்றார் அவர். "அப்ப போடு மூணு கிலோ. உப்பு இனாம்ன இல்ல? அதுவும் ஒரு படி போடு" என்று முந்தானையை விரித்தாள். சார் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் என்ன செய்ய முடியும்? போட்டேன்.

ஜூலை இரண்டாவது வியாழக்கிழமை அவர் வருகிறார், அவருக்கு முன்னாலேயே பென்னலூர்ப் பெண்கள் பாத்திரமும் பையுமாக வந்து நிற்கிறார்கள். அவர் விலை கேட்கிற வரைக்கும் ஒருத்தரும் எதுவும் வாங்குவதில்லை. அவர் கேட்டு, நான் சொல்லி, என் வாயிலிருந்து அந்தப் "பதிமூணு" விழுந்ததும் அத்தனை பேரும் ஒரே குரலில், "ஆங், அந்த வெலைக்குப் போடு!" ஆகஸ்டில் வரிசை ஏரிக்கரை வரைக்கும் போயிற்று. செப்டம்பரில் வரிசையின் கடைசியில் நின்றவளுக்கு அங்கிருந்து காஞ்சிபுரம் கோபுரம் தெரிந்ததாம், கும்பிட்டுக்கொண்டாளாம். இதற்கு நடுவில் நிஜ விலையோ ரெக்கை கட்டிக்கொண்டு பறக்கிறது. பருப்பைத் தராசில் ஏற்றும்போது ஒரு விலை, இறக்கும்போது ஒரு விலை. மொத்த வியாபாரி லாரி வாடகைக்கு ஒரு ரூபாய் ஏற்றினான், ரூபாய் விழுந்ததற்கு ஒரு ரூபாய் ஏற்றினான், ரூபாய் விழுந்ததே என்று அவன் மனசு நொந்ததற்கு ஒரு ரூபாய் ஏற்றினான். நானும் மற்ற இருபத்தொன்பது நாள் உலகத்தோடு ஒத்துப்போய் ஏற்றித்தான் விற்றேன். அந்த ஒரு வியாழக்கிழமை மட்டும், பதினெட்டு ரூபாய்ப் பருப்பைப் பதிமூன்றுக்கு அள்ளிப் போட்டேன். உன்னிடம் மறைப்பானேன், எனக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம்கூட வந்துவிட்டது. இமயமலை தொட்டு எல்லா ஊரிலும் விலை ஏறுகிறது, பென்னலூர் பலராமன் கையைக் காட்டினால் ஸ்ரீபெரும்புதூரில் மட்டும் நிற்கிறது என்று, அன்றைக்கெல்லாம் கல்லாப்பெட்டி முன்னால் கொஞ்சம் நிமிர்ந்தே உட்கார்ந்தேன். தாவீது சாரும் மாசாமாசம் பொறுமையாக எழுதிக்கொண்டு, மாதிரிக்கு என்று மஞ்சள் பையை நிரப்பிக்கொண்டு போனார். செப்டம்பரில் மாதிரி இரண்டு பையாகிவிட்டது.

இப்போது நான் விழுந்த பள்ளத்துக்கு வருகிறேன். நம்ம எழிலரசியை வைகாசியில் வடக்குப்பட்டு பாபுவுக்குக் கட்டிக் கொடுத்தோமே, நீகூட வந்து முறுக்கு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனாயே, அந்த மாப்பிள்ளையும் அதே ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனியில்தான் லைனில் நிற்கிறார். யூனியனில் வேறு துடிப்பான ஆள். அந்தக் கம்பெனியில் விலைவாசி ஏறினால் பஞ்சப்படியும் ஏறும், ஒரு புள்ளிக்கு இரண்டு ரூபாய் என்று ஒப்பந்தம். போன வருஷம் வரைக்கும் மெட்ராஸ் புள்ளியைப் பார்த்துக் கொடுத்தார்களாம். இந்தத் தடவை முதலாளிமார், "மெட்ராஸ் விலைக்கு மெட்ராஸில் சாப்பிடுகிறவனுக்குக் கொடுக்கலாம், நீங்கள் சாப்பிடுவது ஸ்ரீபெரும்புதூரில், அந்த ஊரையும் இப்போது கணக்கில் சேர்த்திருக்கிறார்கள், அதைப் பார்த்துத்தான் கொடுப்போம்" என்று கையெழுத்து வாங்கிவிட்டார்கள். செப்டம்பர் கடைசியில் நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டினார்கள். மெட்ராஸ் எட்டு. கோயமுத்தூர் ஏழு. மதுரை ஏழு. போர்வைக்குள்ளேயே வாழ்கிற குன்னூர்கூட ஆறு. அதற்குக் கீழே, ஸ்ரீபெரும்புதூர், சைபர்.

அன்றைக்கு ஷிப்ட் முடிந்து யூனிபாரத்தோடு மாப்பிள்ளை நம் வீட்டுக்கு வந்தார். காபியைத் தொடவில்லை. "மாமா, நாடு பூரா வெல ஏறிக்கீது. நம்ம ஊர்ல மட்டும் சைபராம். எவனோ ஒரு கடக்காரன் பொய் வெல குடுத்துகினு கீறான். நானூறு பேரு சம்பளம் அவன் வாயில போய்கினு கீது. அவன் யாருன்னு தெரியாம எனக்குத் தலைதீபாவளி கெடையாது, ஆமா" என்றார். "அப்படி எல்லாம் சொல்லாதீங்க மாப்ள" என்றேன். "சத்தியம் பண்ணிட்டேன் மாமா." "யார் மேல மாப்ள?" "உங்க மேலதான்." அதோடு நின்றாரா? "பஜார்ல உங்களுக்குத் தெரியாத ஆளா? நீங்கதான் அவனக் கண்டுபுடிச்சுத் தரணும்" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அந்தக் கையால்தானே சசி நான் பதிமூன்று ரூபாய்க்குப் பருப்பு அள்ளினேன்!

ஆக, என்னைத் தேடுகிற வேலை எனக்கே வந்தது. மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் நாலு பேர் பின்னால் வர, பஜாரில் கடை கடையாக ஏறி இறங்கி, "உண்மையைச் சொல்லுங்க, நோட்டோட யாராவது வந்தாங்களா?" என்று மிரட்டினேன். அவர்கள் எல்லாம் வாழ்நாளில் பார்க்காத சத்தியவான் மாதிரி என்னைப் பார்த்தார்கள். நம் கடை வந்ததும், "இங்க விசாரிச்சாச்சு" என்று தாண்டிப் போய்விட்டேன். பென்னலூர்ப் பெண்களோ வாயே திறக்கவில்லை. வியாழக்கிழமை விலையை எந்தப் புருஷனிடமும் சொல்லக் கூடாது என்று அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. லூர்தம்மாளைத் தனியாகக் கூப்பிட்டு, "உன் புருஷனுக்கும்தானே பஞ்சப்படி போச்சு, உனக்கு வயித்தெரிச்சலா இல்லையா?" என்று கேட்டேன். "அது அவர் கைக்கு வந்து, அங்கருந்து என் கைக்கு வர்றதுக்குள்ள இன்னா மிஞ்சப் போவுது? இது நேரா என் பையில வியுதுண்ண" என்றாள். எந்தப் பொருளாதார மேதைக்கும் இதற்குப் பதில் இருக்காது.

உன் அத்தைக்கு எல்லாம் தெரியும். முதல் நாளே என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். "ஊர் வெலைய எல்லாம் எறக்கி வெச்ச மகராசா, எம் பொண்ணு வூட்டுக்கு வர்றதுக்கு ஒரு வழி எறக்கி வையேன்" என்று ஒரே ஒரு தரம் சொன்னாள். பொண்ணையும் மாப்பிள்ளையையும் தீபாவளி விடியலில் உட்கார வைத்து எண்ணெய் தேய்க்க என்று இரண்டு புது மணை வாங்கி வைத்திருக்கிறாள். தினமும் காலையில் அதை எடுத்து ஈரத் துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடைத்து, திரும்ப வைக்கிறாள். பென்னலூரில் அவள் துடைக்கிற சத்தம் பஜாரில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிற எனக்குக் கேட்கிறது. போன வெள்ளிக்கிழமை எழிலரசி கடைக்கு வந்தாள். எதுவும் வாங்கவில்லை. சின்ன வயசில் உட்காருவாளே, அந்த அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து, "அப்பா, சீக்கிரம் அந்த ஆளக் கண்டுபுடிப்பா. அவரு சத்தியத்த மீற மாட்டாரு. எனக்கு இங்க வரணும்பா" என்றாள். நான், "கிட்ட நெருங்கிட்டேன்மா" என்றேன். வேறென்ன சொல்வது? அந்த ஆளுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு தராசுதான் இருந்தது.

நேற்று ராத்திரி மாப்பிள்ளை சொல்லி அனுப்பிவிட்டார். நோட்டுக்காரர் ஒருத்தர் இரண்டாவது வியாழக்கிழமைகளில் பஸ் இறங்குவதை டீக்கடைக்காரரிடம் கறந்துவிட்டாராம், வருகிற வியாழக்கிழமை அவரும் சிநேகிதர்களும் லீவு போட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டிலிருந்து அந்த நோட்டுக்காரர் பின்னாலேயே போய், அவர் எந்தக் கடையில் ஏறுகிறார் என்று பார்க்கப் போகிறார்களாம். இனி மறைக்க இடமில்லை. பிடிபடுவதைவிட முந்திக்கொள்வது மேல் என்று, இன்று மத்தியானம் மாப்பிள்ளைக்கு எட்டுப் பக்கத்தில் ஒரு குற்ற ஒப்புதல் எழுதினேன். "நீங்கள் தேடும் சண்டாளன் உங்களுக்குப் பெண் கொடுத்தவனே" என்று ஆரம்பித்து, உப்பு வரைக்கும் ஒன்றையும் விடாமல் எழுதி, லூர்தம்மாள் கையில் கொடுத்து வடக்குப்பட்டுக்கு அனுப்பிவிட்டேன். பஸ் ஏறும்போது அவள், "அப்ப வர்ற வியாயக்கெயம பதிமூணு கெடையாதாண்ண?" என்று கேட்டுவிட்டுப் போனாள். யாருக்கு எது கவலை பார்.

ஆகையால் சசி, உன் காலில் விழுகிறேன் என்று எழுதக்கூடாது, மூத்தவன், ஆனாலும் விழுந்ததாக வைத்துக்கொள். அந்த ஸ்ரீபெரும்புதூர்த் தாள் உன் டைப் மெஷினுக்கு வரத்தானே செய்யும்? அதில் சைபர் இருக்கிறது. அந்தச் சைபருக்கு நேர் மேலே, ஒட்டினாற்போல், இன்னொரு சின்னச் சைபர் போடு. எட்டு ஆகிவிடும். மெட்ராசும் எட்டு, நாமும் எட்டு, யாருக்கும் சந்தேகம் வராது. பிடிபட்டால் மை கசிந்துவிட்டது என்று சொல். அதுவும் முடியாது என்றால் தாவீது சாரைக் குன்னூருக்கு மாற்றச் சொல், அங்கே குளிரில் நோட்டைத் திறக்கவே விரல் வராது. அதுவும் முடியாது என்றால் வியாழக்கிழமையை எடுத்துவிடச் சொல். தீபாவளிக்கு நாலு வாரம்தான் இருக்கிறது. நானூறு பேருக்குப் பஞ்சப்படி வந்தால் மாப்பிள்ளைக்குக் கோபம் தணியும், கோபம் தணிந்தால் உன் அத்தையின் மணையில் ஆள் உட்காரும். ஒரு சைபர்தான் கேட்கிறேன்.

உன் அம்மாவுக்கு என் நமஸ்காரம். அவளிடம் இதில் பருப்பு விலையைத் தவிர வேறெதையும் படித்துக் காட்டாதே. ஏறாத ரத்த அழுத்தமும், இறங்காத சம்பளமும், இனாமாக நல்ல மாப்பிள்ளையும் உனக்கு வாய்க்க அடியேன் மனதார ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
தேசத்தின் நிம்மதியைக் குலைத்த,
உன் மாமன்
பலராமன்

பின்குறிப்பு: இன்று வியாழக்கிழமை, பத்தாம் தேதி. சர்க்காரில் சைபரைத் திருத்தச் சொல்கிற கடிதத்தைத் தபால் பெட்டியில் போடத் தைரியம் வராமல் இரண்டு தரம் போய்த் திரும்பி வந்ததில் இது இன்னும் என்னிடமே இருக்கிறது. இதற்குள் உலகம் தலைகீழாகிவிட்டது. மாப்பிள்ளை என் எட்டுப் பக்கத்தையும் நின்றபடியே படித்தாராம். மூன்றாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டாராம். லூர்தம்மாள் சொன்னாள். இன்றைக்கு அவர்கள் யாரும் வரவில்லை. தேடுவதற்குத்தான் ஆள் இல்லையே. தாவீது சார் மட்டும் வந்தார், கையில் மூன்று பை. பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு, பஜாரே கேட்க, "பருப்பு பதினெட்டு! எண்ணெய் நாப்பது! மிளகாய் முப்பத்தஞ்சு! உப்புக்கும் காசு உண்டு!" என்று கத்தினேன். கண்ணைத் திறந்தால், பெண்கள் முகத்தைவிட அவர் முகம்தான் அதிகமாக வாடியிருந்தது. "என்னங்க, திடீர்னு இப்படி ஏத்திட்டீங்க?" என்றார். "எழுதுங்க சார்" என்றேன். "எங்க எழுதறது? உங்க கடை லிஸ்ட்லயே இல்லையே" என்கிறார். ஜூன் மாசமே, உப்பு இனாம் என்று நான் சொன்ன தாளைப் பார்த்துவிட்டு அவருடைய மேலதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துச் சிரித்து, "இந்த ஆளை நம்ப முடியாது, வேற கடையப் பாரு" என்று கிழித்துப் போட்டுவிட்டாராம். "அப்ப மாசாமாசம் எதுக்கு சார் வந்தீங்க?" "பதிமூணு ரூபாய்க்குப் பருப்பு சிங்கப்பெருமாள் கோவில்ல எங்க சார் கிடைக்குது?" "நோட்டுல எழுதினீங்களே?" "அது எங்க வீட்டம்மா குடுத்த சாமான் லிஸ்ட்." சைபருக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லையாம். புதிதாகச் சேர்த்த ஊருக்கு முதல் ஆறு மாசம் பழக்கத்துக்குத்தான் விலை எடுப்பார்களாம், அதுவரைக்கும் அந்தக் கட்டத்தில் சைபர்தான் இருக்குமாம், தை மாசம் நிஜப் புள்ளி வந்ததும் விட்டுப்போன பஞ்சப்படியும் சேர்த்து வருமாம். ஆக, நான் செய்யாத குற்றத்துக்கு எட்டுப் பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதை நான் போய்ச் சொன்னால் மாப்பிள்ளை நம்புவாரா? பொய்யன் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேனே!

ஆகையால் மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. சைபரைத் தொடாதே. அதற்குப் பதிலாக, உங்கள் ஆபீஸ் தாளில், "பென்னலூர் பலராமன் சொன்ன எந்த விலையையும் இந்த அலுவலகம் எந்த மாதத்திலும் நம்பியதில்லை" என்று டைப் அடித்து, ரப்பர் ஸ்டாம்பு குத்தி, வடக்குப்பட்டு மாப்பிள்ளை பேருக்கு ரிஜிஸ்டர் தபாலில் உடனே அனுப்பு. உப்பு இனாம் என்று நான் சொன்னதையும், அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்துச் சிரித்ததையும் மறக்காமல் சேர்த்துக்கொள். அதைப் படித்தால் மாப்பிள்ளையும் சிரிப்பார். சிரித்துவிட்டால் வந்துவிடுவார்.